தேடுபொறியும் சிறு வணிகரும்



யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குச் செல்லும் பேருந்தில் ஏறியவர்கள், பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்குள் புகுவார்கள். வங்களாவடிச் சந்தி வரும். சில நிமிடங்களில் அதுவும் பின்னே போய்விடும். பிறகு புங்குடுதீவுக்குச் செல்லும் தாம்போதி. அதற்கப்பால் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படுகின்றன. நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்களும், நாகதீப விகாரையை வணங்க வரும் தென்னிலங்கை யாத்திரிகரும் இவ்வழியாகவே போய் வருகின்றனர். இவர்களுள் வேலணையில் இறங்கி ஒரு பனங்கட்டிக் குட்டானோ, ஓர் இறாத்தல் ஒடியல் மாவோ வாங்கிச் செல்பவர் மிகச் சிலரே. ஊரில் பொருள் இல்லை என்பதன்று காரணம். பொருள் இங்கே இருக்கிறது என்பது, பேருந்தில் ஏறுமுன் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

தீவகத்து வணிகருக்குச் சந்தியின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பிலும், கண்டியிலும், மலைநாட்டுச் சிறு பட்டினங்களிலும் கடை வைத்து முன்னுக்கு வந்தவர்கள் இத்தீவார். கடை எந்த முடக்கில் அமைய வேண்டும், வாசல் எத்திசையை நோக்க வேண்டும், பெயர்ப்பலகையில் எது பெரிதாக இருக்க வேண்டும் என்பவற்றைத் தந்தை சொல்ல மகன் கேட்டு வளர்ந்தான். ஆயின் இன்று வாங்குபவன் தெருவால் நடந்து வருபவனாக மட்டும் இல்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின் போரினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாகப் பெயர்ந்தனர். அவர்களின் பிள்ளைகள் தொறன்ரோவிலும், பாரிசிலும், இலண்டனிலும் வளர்ந்துவிட்டார்கள். ஊர் ஒடியற்கூழின் நினைப்பு வந்ததும் அவர்கள் கைத்தொலைபேசியை எடுத்துத் தேடுகிறார்கள். கொழும்பிலிருந்து நயினாதீவுக்குப் பயணம் புறப்படும் குடும்பமும் அவ்வாறே முதல் நாள் இரவில் தேடுகிறது. இவ்விரு திறத்தாருக்கும் தேடுபொறியே சந்தி. அச்சந்தியில் நம் கடையின் வாசல் தெரிகிறதா? இதனையே இக்காலத்தார் ‘தேடுபொறி உகப்பாக்கம்’ என்னும் நீண்ட பெயரால் வழங்குகின்றனர். பெயர் அச்சுறுத்துகிறதே தவிர, பொருள் அவ்வளவு கடினமானதன்று.

தேடுபொறி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சிறிது பார்ப்போம். யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டில் ‘அபிதான கோசம்’ என்னும் நூலை வெளியிட்டார். தமிழில் கலைக்களஞ்சியத்துக்கு வழிகாட்டிய நூல் அது. அதில் ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமாயின், அவர் எந்தப் பெயரின் கீழ் எழுதப்பட்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு பெயரால் தேடினால், நூலில் செய்தி இருந்தும் நமக்கு இல்லாததே. தேடுபொறியும் அடிப்படையில் இத்தகைய ஓர் அகராதிதான். அதன் ஏவலாளாகிய ஒரு நிரல், இணையத்தளங்களை இணைப்பு வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓயாது சென்று வாசிக்கிறது. வாசித்த சொற்களையெல்லாம், இன்ன சொல் இன்ன பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து வைக்கிறது. நாம் ஒரு சொல்லை எழுதியவுடன் அது உலகத்தைத் தேடுவதில்லை. முன்னரே எழுதிவைத்த தன் குறிப்பேட்டையே புரட்டுகிறது. இக்காலப் பொறிகள் ஒத்த பொருளுடைய சொற்களையும் ஓரளவு அறியும். ஆங்கிலத்தில் அவ்வறிவு மிகுதி. ஈழத்து வட்டாரச் சொற்களில் அதனை மிகவும் நம்பியிருத்தல் ஆகாது.

ஆகவே முதற் கேள்வி, நாம் எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்பதன்று. தேடுபவர் எந்தச் சொல்லை எழுதுவார் என்பதே.

இவ்விடத்தில் வேலணை நமக்கு நல்ல பாடமாக அமைகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். இவற்றுள் டெல்ஃப்ட் என்பது மட்டும் இன்றும் பரவலாக வழங்குகிறது. ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் கைற்ஸ் என்பர். துறை என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது என்று கூறுவர். வேலணையும் ஊர்காவற்றுறையும் ஒரே தீவில் இருக்கின்றன. எனவே அத்தீவை ஒருவர் வேலணைத் தீவு என்பார், ஒருவர் கைற்ஸ் தீவு என்பார், பழைய நிலப்படம் பார்த்தவர் லைடன் என்பார். நயினாதீவுக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகர் நாகதீப என்றே எழுதித் தேடுவார். நயினாதீவு என்னும் பெயரை அவர் கேட்டிருக்கவும் மாட்டார்.

சாட்டிக் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலணையில் உள்ள அழகிய வெண்மணற் கடற்கரை அது. அதன் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் நெட்டுயிரைக் காட்ட ‘ஏ’ என்னும் எழுத்தை இரட்டித்து எழுதுகிறார். மற்றொருவர் நடுவே ‘ஆர்’ என்னும் எழுத்தைப் புகுத்தி, நம்மவர் காதுக்கு ‘சார்ட்டி’ என்று ஒலிக்கும்படி எழுதுகிறார். பயணிகள் பலரும் இந்த இரண்டாவது வகையிலேயே தேடுகின்றனர். தமிழறிந்தவர்க்கு அது பிழையாகத் தோன்றலாம். கடற்கரையருகே இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் ஒருவர், தம் தளத்தில் சரியான எழுத்துக்கூட்டலை மட்டும் எழுதிவிட்டுப் பிழையானதைத் தொடமாட்டேன் என்று இருந்தால், இலக்கணம் பிழைக்கும், வாடகை வராது. ‘சாட்டி, ஆங்கிலத்தில் இவ்வாறும் இவ்வாறும் எழுதுவர்’ என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் இரண்டும் பிழைத்துவிடும்.

ஊர்ப் பெயருக்குச் சொன்னது பொருளின் பெயருக்கும் பொருந்தும். நாம் பனங்கட்டி என்பதைத் தமிழ்நாட்டார் கருப்பட்டி என்றும் பனைவெல்லம் என்றும் கூறுவர். சிங்களவர் தல் ஹகுரு என்பர். நாம் பினாட்டு என்பதைப் பனாட்டு என எழுதுவோரும் உளர். ஒடியல் வேறு, புழுக்கொடியல் வேறு. பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்தது ஒன்று, அவித்துக் காயவைத்தது மற்றொன்று. புலம்பெயர்ந்த நாட்டிற் பிறந்த பிள்ளைக்கு இவ்வேறுபாடு தெரியாது. அப்பிள்ளை தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும். அல்லது பனங்கிழங்கு மா என்னும் பொருள்பட ஆங்கிலத்திலேயே கேட்கும். இத்தனை பெயரையும் ஒரு பட்டியலாக அடுக்கிவைத்தல் வேண்டா. சொல்ல வேண்டிய செய்தியைச் சொல்லும்போதே அவை இயல்பாக வந்து விழும்படி எழுதலாம். ‘எங்கள் பனங்கட்டி, தமிழ்நாட்டில் கருப்பட்டி எனப்படுவது, பதநீரைக் காய்ச்சிக் குட்டானில் ஊற்றி எடுப்பது’ என்னும் ஒரு வாக்கியம், வாசிப்போனுக்கும் உதவுகிறது, பொறிக்கும் உதவுகிறது.

தமிழுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. யாழ்ப்பாணம் என்னும் பெயர் வேற்றுமை ஏற்கும்போது யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணத்துக்கு என்று உருமாறும். பொறி சில வேளைகளில் இவற்றை ஒன்றென இனங்காணும். சில வேளைகளில் தவறும். ஆதலின் பக்கத்தில் ஓரிடத்திலேனும் பெயர் உருபேற்காமல் தனித்து நிற்றல் நன்று. முகவரியை ஒழுங்காக எழுதினாலே இது நிறைவேறிவிடும்.

இனி, சொற்கள் எந்த வடிவில் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நான் பார்த்த ஒரு சிறு கடையின் தளத்தில், பொருளும் விலையும் முகவரியும் அழகிய துண்டுப்பிரசுரமாக அச்சிடப்பட்டு, அதன் ஒளிப்படம் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. கண்ணுக்கு விருந்துதான். ஆயினும் பக்கத்தில் எழுத்தென்று ஒன்றும் இல்லை. படத்துக்குள் உள்ள எழுத்தைப் பொறி வாசித்துவிடும் என்று நம்பி வாணிகம் செய்தல் தகாது. படம் இருக்கட்டும், அதே செய்தியை அதன் கீழே எழுத்திலும் இடுக. படத்துக்கு மாற்றுரை எழுதவும் இடம் உண்டு. பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் கருவிக்கும் அது பயன்படும்.

ஈழத்தவர் பலரும் நெடுங்காலம் பாமினி என்னும் எழுத்துருவில் தட்டெழுதிப் பழகியவர்கள். அவ்வெழுத்துருவில் திரையில் தமிழ் தெரிந்தாலும், உள்ளே இருப்பன ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. பொறிக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியல். ஒருங்குறி என்னும் யுனிகோட் முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இன்றைய கைத்தொலைபேசிகள் எல்லாம் அம்முறையிலேயே எழுதுகின்றன. ஆயினும் பழைய தளத்திலோ, அச்சகத்தார் தந்த கோப்பிலோ பாமினி ஒளிந்திருக்கலாம். அறிவது எளிது: அவ்வாக்கியத்தைப் பிரதி செய்து வாட்சப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நலம். ஆங்கில எழுத்துக் குழப்பமாக வந்தால், அதை ஒருங்குறிக்கு மாற்றாமல் வேறெது செய்தும் பயனில்லை.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பு உண்டு. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் முதலில் தெரிவது பெரும்பாலும் அதுவே. எத்தனையோ தளங்களில் அத்தலைப்பு ‘முகப்பு’ என்று மட்டும் இருக்கக் காண்கிறோம். கடையின் பெயர்ப்பலகையில் ‘கடை’ என்று மாத்திரம் எழுதியதற்கு இஃது ஒப்பாகும். ‘ஒடியல் மா, பனங்கட்டி, வேலணை’ என்று எழுதிக் கடைப்பெயரைப் பின்னே சேர்க்கலாம். ஊரார் அறிந்த கடைப்பெயரைத் தொறன்ரோவில் இருப்பவர் அறியார். அவர் அறிந்தது ஒடியல் மாவையே. தலைப்பின் கீழே தோன்றும் இரண்டு வரி விளக்கம், பக்கத்தின் நிலையை உயர்த்தாது. ஆனால் காண்பவரை உள்ளே வரச் செய்யும். அதை எழுதாவிட்டால் பொறி தன் விருப்பப்படி பக்கத்திலிருந்து எதையாவது எடுத்துப் போடும். எழுதினாலும் சில வேளை அப்படிச் செய்யும்; அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

எல்லாப் பொருளையும் ஒரே பக்கத்தில் திணிப்பதிலும், ஒடியலுக்கு ஒன்று, பனங்கட்டிக்கு ஒன்று, சாட்டிக்கு எப்படி வருவது என்பதற்கு ஒன்று எனத் தனித்தனிப் பக்கம் வைத்தல் சிறந்தது. தேடுபவர் ஒரு கேள்வியோடு வருகிறார். அவர் கேள்விக்கு விடை சொல்லும் பக்கத்தையே பொறி முன்னிறுத்த முயல்கிறது.

ஒரே பொருள் பற்றி ஆயிரம் பக்கங்கள் இருக்கும்போது, எதனை முதலில் காட்டுவது? இக்கேள்விக்கு அமெரிக்காவின் ஸ்ரான்வோர்ட் பல்கலைக்கழக மாணவராயிருந்த லறி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் இருவர் புதிய விடை ஒன்று கண்டனர். 1998இல் அவர்கள் தொடங்கிய நிறுவனமே கூகிள். ஒரு பக்கத்தைச் சுட்டி மற்றப் பக்கங்கள் தரும் இணைப்புகளை அவர்கள் பரிந்துரையாகக் கொண்டனர். எல்லாப் பரிந்துரையும் சம எடையுடையன அல்ல. கலியாணச் சமையலுக்கு ஆள் தேடும்போது நாமும் அப்படித்தானே செய்கிறோம்? வழிப்போக்கன் பத்துப் பேர் சொல்வதிலும், பல வீட்டுச் சமையலை உண்டறிந்த பெரியவர் ஒருவர் சொல்வது நிறை கூடியது. இன்று கூகிள் கருதும் அளவைகள் மிகப் பல. எனினும் நல்லோர் தரும் இணைப்புக்கு இன்னும் மதிப்புண்டு.

வேலணைக் கடைக்கு அத்தகைய இணைப்பை யார் தருவார்? ஊர்ச் சங்கங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஆலயங்களின் தளங்கள் இருக்கின்றன. தீவகத்துக்கு வந்து போய்ப் பயணக் குறிப்பு எழுதுவோர் இருக்கின்றனர். திருவிழாக் காலத்தில் படகு நேரத்தையும், உணவு கிடைக்கும் இடத்தையும், பிள்ளைகளோடு வருவோர் தங்கிச் செல்லக்கூடிய இடத்தையும் தெளிவாக எழுதிய ஒரு பக்கம் நம் தளத்தில் இருந்தால், அவர்கள் கேளாமலே அதனைச் சுட்டுவார்கள். இலவசமாக ஒரு தகவலைக் கொடுப்பதில் நம்மவர் சிலருக்குத் தயக்கம் உண்டு. வழி கேட்டவனுக்கு வழி சொல்லி, வெயிலில் வந்தவனுக்குத் தண்ணீரும் கொடுத்த கடைக்காரனிடமே அவன் திரும்பி வந்து சாமான் வாங்கினான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

குறுக்கு வழியும் சொல்லப்படுகிறது. ஒரே சொல்லைப் பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப எழுதுவது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் மறைத்து எழுதுவது. பணம் கொடுத்து ஆயிரம் இணைப்புகளை வாங்குவது. இவை ஒரு காலத்தில் பலித்தன. இணைப்பு வாணிபத்தை ஒடுக்குவதற்கென்றே 2012இல் கூகிள் தன் முறையை மாற்றியது. பல தளங்கள் ஒரே நாளில் கீழே விழுந்தன. பக்கத்தின் மறைவிடத்தில் திறவுச்சொற்களை அடுக்கும் வழக்கத்தைத் தான் கருத்தில் கொள்வதில்லை என்று 2009ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. அதற்கு இன்னும் கூலி கேட்பவர் இருக்கின்றனர். ‘உங்கள் கடையை முதலிடத்தில் நிறுத்துவது உறுதி’ என்று ஒருவர் தொலைபேசியில் கூறினால், அவ்வாறு எவரும் உறுதி கூற முடியாதென்று கூகிளே எழுதிவைத்திருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தளம் அமைக்கப் பணமோ நேரமோ இல்லாதவர் முதலில் செய்யத்தக்க ஒன்றைச் சொல்கிறேன். கூகிள் நிலப்படத்தில் கடையைப் பதிவு செய்தல். இதற்குக் கட்டணம் இல்லை. பெயர், முகவரி, திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம், நாலு ஒளிப்படம், கடை தம்முடையதே என்று நிறுவுவதற்கு அவர்கள் கேட்கும் அத்தாட்சி, இவ்வளவே. நிலப்படத்தில் எதனை முன்னே காட்டுவது என்பதற்குத் தேடலோடு பொருந்துதல், தூரம், பெயர் பெற்றிருத்தல் என்னும் மூன்றையும் கருதுவதாக அந்நிறுவனம் கூறுகிறது. தூரம் என்னும் ஒன்றில் நம் கையில் எதுவும் இல்லை. ஆனால் அதுவே சிறு கடைக்குச் சாதகம். பண்ணைப் பாலத்தைக் கடந்து வரும் ஒருவர் தேநீர்க்கடை தேடினால், கொழும்பின் பெரிய உணவகம் அவருக்கு எதற்கு? திறக்கும் நேரத்தை உள்ளபடி எழுதுக. நண்பகலில் பூட்டும் கடை, பூட்டும் என்றே எழுதுக. வெயிலில் வந்து பூட்டிய கதவைக் கண்டவர், அதனையும் நாலு பேர் வாசிக்கும்படி எழுதிவிட்டுத்தான் போவார்.

தொலைபேசி இலக்கத்தைப் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணத்து நிலையான தொலைபேசிக்கு 021 என்று தொடங்குவோம். பாரிசிலிருந்து அழைப்பவர் முன்னுள்ள சுழியை விட்டு, 94 என்னும் நாட்டு இலக்கத்தைச் சேர்க்க வேண்டும். அதனை நாமே சேர்த்து எழுதிவிடலாமே! எல்லா இடத்திலும் ஒரே பெயரும், ஒரே முகவரியும், ஒரே இலக்கமும் இருக்கட்டும். ஓரிடத்தில் ‘வேலணை’, மற்றோரிடத்தில் ‘கைற்ஸ்’, வேறோரிடத்தில் பழைய இலக்கம் என்றால், பொறி இவற்றை மூன்று கடைகளாக எண்ணக்கூடும்.

முகநூலில் பக்கம் இருக்கிறதே, அது போதாதா என்பர். பண்டிகைக்கு வந்த புதுச் சரக்கை அறிவிக்க அது நல்ல இடம். ஆயின் இன்று எழுதியது அடுத்த கிழமை கீழே புதைந்துவிடும். முகநூலில் உள்ளதைத் தேடுபொறி காண்பதும் குறைவு. நிலையாக நிற்க வேண்டிய செய்திக்குச் சொந்த மனை வேண்டும். அம்மனைக்கு ‘எல்கே’ என்று முடியும் பெயரை வாங்கலாம். 2010இல் நம் நாட்டுக்குக் கிடைத்த ‘.இலங்கை’ என்னும் தமிழ் முடிவும் உண்டு. வாசிக்க இனியது, ஆயினும் ஆங்கில எழுத்தில் தட்டும் பிள்ளைகளை எண்ணினால், அதை இரண்டாவது வாசலாக வைத்துக்கொள்வதே விவேகம் என்பது என் எண்ணம்.

பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கூகிள் இப்போது தளங்களைக் கைத்தொலைபேசியில் தோன்றும் வடிவிலேயே வாசிக்கிறது. 2016இல் அறிவித்த அம்மாற்றம் 2023இல் நிறைவு பெற்றது. பெரிய ஒளிப்படங்களைச் சிறிதாக்கி இடுக. படகில் இருந்து ஒற்றைக் கையால் பார்ப்பவருக்கும் எழுத்துத் தெரிய வேண்டும்.

2024ஆம் ஆண்டு முதல் கூகிள், செயற்கை நுண்ணறிவு எழுதிய விடையைத் தேடல் முடிவுகளின் தலைமாட்டில் வைக்கத் தொடங்கியிருக்கிறது. இதனால் தளங்களுக்கு வருவோர் குறைவர் என்று பலர் கவலைப்படுகின்றனர். அக்கவலையில் உண்மையும் உண்டு. எனினும் அவ்விடையும் எவரோ எழுதிய பக்கங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. வேலணையைப் பற்றி வேலணையார் எழுதாவிட்டால், எங்கோ இருக்கும் பயண முகவர் எழுதியதே விடையாகும். அறையைப் பதிவு செய்து கொடுத்ததற்கு அவர் எடுக்கும் கழிவும் நம் வருவாயிலிருந்தே போகும்.

பயன் தெரிய எத்தனை நாள் ஆகும்? நாலு மாதம் தொடக்கம் ஓராண்டு வரை ஆகலாம் என்று கூகிளே கூறுகிறது. தென்னம்பிள்ளை வைத்தவருக்கு இது நீண்ட காலமாகத் தோன்றாது. இதற்கிடையில் ‘சேர்ச் கொன்சோல்’ என்னும் இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்து வைத்தால், மக்கள் எந்தெந்தச் சொல்லைத் தேடியபோது நம் பக்கம் அவர்களுக்குக் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் திறந்தனர் என்பவற்றை அது கூறும். நாம் நினையாத எழுத்துக்கூட்டலும், நாம் விற்காத பொருளும் அதிலே தோன்றும். இரண்டும் பயனுள்ள செய்திகளே.

அக்கருவி பழகும் வரை, கடையில் தொலைபேசியருகே ஒரு கொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து அழைப்பவர் கேட்கும் கேள்வியை அவர் சொன்ன சொல்லிலேயே குறித்து வையுங்கள். ‘ஒடியல் மாவின் கசப்புப் போக எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும்?’ என்று ஒருவர் கேட்பார். மறு கிழமை வேறொருவர் அதையே கேட்பார். மூன்றாம் முறை அக்கேள்வி வந்த அன்றிரவே, அதனைத் தலைப்பாக இட்டு, வீட்டில் அம்மா சொல்லும் விடையை அதன் கீழே எழுதி, தளத்தில் சேர்த்துவிடுங்கள்.